பாரில் ஓடிய பஜனை கேசட்

என் கணவர் கழுத்தில் இருந்த ஐயப்பன் மாலையைக் கழற்ற வைத்தது நான்தான் என்று என் நாத்தனார் இன்றைக்கும் சொல்கிறாள். கல்யாண வீட்டில் பார்த்தாலும் சொல்கிறாள், சாவு வீட்டில் பார்த்தாலும் சொல்கிறாள். போன வருடம் அவருடைய திதிக்கு வந்தவள், வடையைக் கடித்துக்கொண்டே சொன்னாள். "அந்த மாலை மட்டும் கழுத்துல இருந்திருந்தா எங்கண்ணன் இன்னிக்கி உயிரோட இருந்திருக்கும்." நான் அவள் இலையில் இன்னொரு வடையை வைத்துவிட்டு உள்ளே போய்விட்டேன். பதில் இல்லாமல் இல்லை. அரைகுறையாகச் சொல்ல எனக்குப் பிடிக்காது. அதனால் இங்கே முழுக்கச் சொல்கிறேன்.

அவர் சவுண்ட் வேலை செய்தவர். கல்யாண மண்டபம், சர்ச், ஓட்டல், எங்கே ஸ்பீக்கர் மாட்ட வேண்டுமென்றாலும் ஆஸ்டின் டவுனில் எங்கள் வீட்டைத்தான் கேட்டுக்கொண்டு வருவார்கள். ஆம்ப்ளிஃபையரை எங்கே வைப்பது, வயரை எந்த வழியாக இழுப்பது, எந்த மூலையில் சத்தம் முட்டிக்கொண்டு நிற்கும் என்று சுவரைப் பார்த்தே சொல்லிவிடுவார். கல்யாணத்துக்கு முன்னால் நான் பொம்மசந்திராவில் ஒரு எலக்ட்ரானிக்ஸ் தொழிற்சாலையில் சால்டரிங் பெஞ்சில் உட்கார்ந்தவள். பெண் பார்க்க வந்த அன்று அவர் என்னிடம் கேட்ட ஒரே கேள்வி, ஈயம் எத்தனை வாட் இரும்பில் உருக்குவீர்கள் என்பதுதான். என் அம்மா மூஞ்சியைச் சுளித்தாள். எனக்கு அங்கேயே பிடித்துப்போய்விட்டது.

குடிக்காத நேரத்தில் அவரைப்போல ஒரு மனிதர் கிடையாது. குடிகாரன் பெண்டாட்டி ஒவ்வொருத்தியும் இதையேதான் சொல்வாள், தெரியும். நானும் சொல்லிவிட்டுப் போகிறேன். குடித்த நேரத்தைப் பற்றி எழுதப் போவதில்லை. பக்கத்து வீட்டுக்காரர்களுக்கெல்லாம் தெரிந்த கதை அது. என் மாமியார் மட்டும், மடியில் ஒரு குழந்தை இருந்தால் அவன் ஏன் குடிக்கப்போகிறான் என்று கேட்டுக்கொண்டிருந்தாள். சாயங்காலம் வாசற்படியிலேயே விழுந்து கிடக்கிறவரிடம் குழந்தைக்கு எங்கே போவது என்று நான் திருப்பிக் கேட்கவில்லை.

தொண்ணூறுகள் முடியப்போகிற சமயம், ஒரு கார்த்திகை மாதம். காலையில் வெளியே போனவர் கறுப்பு வேட்டியும் கழுத்தில் துளசி மாலையுமாகத் திரும்பி வந்தார். யாரும் சொல்லவில்லை, யாரும் கேட்கவில்லை. அவராகவே கோயிலுக்குப் போய்ப் போட்டுக்கொண்டு வந்திருக்கிறார். வாசலில் நின்று என்னைப் பார்த்து, "சாமி சரணம்மா" என்றார். எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. மாலை போட்டவருக்கு மனைவியும் அம்மாதான். நானும் அவரைச் சாமி என்றுதான் கூப்பிட வேண்டும். தனிப் பாய், தனித் தட்டு, விடியற்காலையில் பச்சைத் தண்ணீர்க் குளியல். கறி இல்லை, பீடி இல்லை, குடி இல்லை, செருப்பு இல்லை. தொட்டுப் பேசக்கூடாது.

ஒரு வாரம் போனது. கை நடுக்கம் நின்றது. முகத்தில் வீக்கம் வடிந்து, பெண் பார்க்க வந்த முகம் மெதுவாக உள்ளேயிருந்து எட்டிப் பார்த்தது. கூட வேலை செய்துகொண்டிருந்த கூட்டாளி வாசலில் வந்து நின்றபோது, "சாமி, மலைக்குப் போய்ட்டு வந்து பாக்கலாம்" என்று சொல்லி அனுப்பிவிட்டார். இருவரும் சேர்ந்து குடிப்பவர்கள். கூட்டாளி போனதும் வேலைக்கு ஆள் இல்லை.

அப்போதுதான் அந்தப் பார் வேலை வந்தது. தொம்மலூர் பக்கம் கம்ப்யூட்டர் கம்பெனிகள் வர ஆரம்பித்திருந்த காலம். ஒரு கன்னடக்காரர், தன் பழைய இரண்டு மாடி வீட்டை இடித்து மாற்றி பார் கட்டிக்கொண்டிருந்தார். புது வருடத்துக்குத் திறக்க வேண்டும். கீழே ஆடுகிற ஹால், பக்கத்தில் குடும்பத்தோடு வருகிறவர்களுக்கு ஓர் அறை, மொட்டைமாடியில் கூரை போட்டு மேசைகள், வாசல் வராந்தா. நான்கு இடத்துக்கும் ஒரே பாட்டு, ஆனால் சத்தம் மட்டும் அந்தந்த இடத்தில் தனியாகக் கூட்டிக் குறைக்க வேண்டும். ஹாலில் இரண்டு பக்கச் சுவரிலும் ஆளுயரத்துக்கு ஒவ்வொரு சப்-வூஃபர், நெஞ்சில் இடிக்கிற அடிச்சத்தத்துக்கு.

"பாருக்குள்ளயா போகப் போறீங்க சாமி, மாலையோட?" என்று கேட்டேன்.

"வயர் இழுக்கத்தானம்மா போறேன். குடிக்கவா போறேன்?" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, தட்டைக் கழுவிக்கொண்டே அவரே சொன்னார். "மாலை இருக்கச் சொல்லதாம்மா அந்த மாதிரி எடத்துல எல்லாம் நான் வேல செய்ய முடியும். இல்லன்னா முடியாது. அது எனக்குத் தெரியும்."

"அப்ப நானும் வரேன்" என்றேன். ஆள் இல்லாத குறைக்கு அவர் மறுக்கவில்லை.

அந்த வாரங்களைப் போல என் வாழ்க்கையில் வேறு எதுவும் இல்லை. காலையில் டிபன் கேரியரோடு இருவரும் பஸ் ஏறுவோம். பக்கத்தில் உட்கார மாட்டார், பின்னால் ஆண்கள் பக்கம் போய் நின்றுகொள்வார். இறங்கியதும் அவர் முன்னே வெறுங்காலோடு நடக்க, நான் பின்னால் கருவிப் பையைத் தூக்கிக்கொண்டு போவேன். பாரில் எங்கு பார்த்தாலும் உடைந்த டைல்ஸ், ஆணி, சிமெண்ட். கரண்டு வேலை செய்கிறவர் வெறுங்காலோடு நிற்கிறாரே என்று எனக்குப் பகீரென்றது. தச்சர்களிடம் ஒரு பலகையைக் கெஞ்சி வாங்கி, அவர் போகிற இடமெல்லாம் முன்னால் போட்டுக்கொண்டே போனேன். "ஐயப்பன் பாத்துப்பாரும்மா" என்பார். "ஐயப்பன் மலையில பாக்கட்டும், இங்க நான் பாத்துக்கறேன்" என்பேன். சிரிப்பார்.

அவர் ஏணியில் ஏறி ஃபால்ஸ் சீலிங்குக்குள் தலையை விட்டு, வயர் இழுக்கிற ஸ்பிரிங்கைப் பைப்பில் தள்ளுவார். நான் அடுத்த அறையில் அது வெளியே தலை நீட்டுகிறதா என்று பார்த்து, அதன் நுனியில் வயரைக் கட்டிவிடுவேன். அவர் அந்தப் பக்கம் இழுக்க, நான் இந்தப் பக்கம் முறுக்கு விழாமல் விட்டுக்கொடுப்பேன். சுவருக்கு அந்தப் பக்கம் அவர், இந்தப் பக்கம் நான், நடுவில் வயர். அவர் இழுக்கிறது என் கையில் தெரியும். தொடக்கூடாத நாட்களில் எனக்குக் கிடைத்தது அவ்வளவுதான். அதுவே போதுமென்று சில சமயம் தோன்றும், பல சமயம் தோன்றாது.

மாதத்தில் அந்த மூன்று நாள் நான் அவர் கண்ணில் படக்கூடாது. தொம்மலூரிலேயே இருந்த அம்மா வீட்டில் போய் உட்கார்ந்துகொண்டேன். அவர் தனியாக, வெறுங்காலோடு, பலகை போட ஆளில்லாமல் வேலை செய்கிறார் என்று நினைத்து நினைத்து எனக்குச் சோறு இறங்கவில்லை. பாரின் சப்-வூஃபர் பெட்டிகள் அந்த நாட்களில்தான் வந்து இறங்கியிருக்கின்றன. நான் திரும்பிப் போனபோது இரண்டையும் சுவரோரம் மாட்டித் துணி போர்த்தியிருந்தார். வழக்கமாக எந்த ஸ்பீக்கர் வந்தாலும் ஒரு டார்ச் பேட்டரியை அதன் இரண்டு முனையிலும் தொட்டு, உள்ளே இருக்கும் காகிதக் கூம்பு முன்னால் துள்ளுகிறதா பின்னால் போகிறதா என்று பார்ப்போம். அவர் பேட்டரியைத் தொடுவார், நான் கூம்பைப் பார்த்துச் சொல்வேன். இது ஒருவரே செய்யக்கூடிய வேலை இல்லை. அந்தப் பெட்டிகளோ முன்பக்கம் வலை அடித்து மூடியே வந்திருந்தன. சிவப்பைச் சிவப்பிலும் கறுப்பைக் கறுப்பிலும் மாட்டிவிட்டிருந்தார். நியாயமாகப் பார்த்தால் அது சரிதான்.

மார்கழி பிறந்ததும் பெட்டி பெட்டியாகச் சரக்கு வந்து இறங்கியது. அலமாரி வேலை முடியவில்லை என்று எங்கள் ஆம்ப்ளிஃபையர் அடுக்குக்கு முன்னாலேயே அடுக்கிவிட்டார்கள். நான் ஏணியடியில் நின்று அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் செங்கல்லை நகர்த்துவதுபோல ஒவ்வொரு பெட்டியாகத் தூக்கி ஓரமாக வைத்துவிட்டு, ஸ்க்ரூ டிரைவரைக் கேட்டுக் கை நீட்டினார். அந்த நிமிடம் நான் நம்ப ஆரம்பித்தேன். இந்த மனிதர் பிழைத்துக்கொள்வார், நாங்கள் பிழைத்துக்கொள்வோம் என்று முழுசாக நம்பினேன்.

எல்லா இணைப்பும் கொடுத்து முடித்த அன்று, சத்தம் போட்டுப் பார்க்க வேண்டும். முதலாளி தன் காரிலிருந்து ஒரு டிஸ்கோ கேசட் எடுத்துவந்து கொடுத்தார். இவர் கையில் வாங்கவில்லை.

"மாலையில இருக்கேன், அதெல்லாம் போட மாட்டேங்க" என்று சொல்லி, தன் பையிலிருந்து ஐயப்பன் பஜனை கேசட்டை எடுத்து மாட்டினார்.

"அய்யோ சாமி, இது பார் கடை! பஜனை மடமா?" என்று முதலாளி தலையில் கை வைத்தார். ஆனால் அவரும் சாமிக்குப் பயந்தவர். தடுக்கவில்லை.

நான்கு இடத்திலும் ஒரே நேரத்தில் பஜனை கிளம்பியது. இவர் ஆம்ப்ளிஃபையர் முன்னால் குமிழ்களைத் திருப்ப, நான் ஒவ்வோர் இடமாக ஓடி நின்று கத்த வேண்டும். மொட்டைமாடியில் நின்று "வருது சாமி!" குடும்ப அறையில் நின்று "கம்மியா வருது சாமி!" வராந்தாவில், "இப்ப நல்லா வருது சாமி!" ஹாலில் நடுவில் நின்றும் கத்தினேன். கேசட்டில் குரல் கணீரென்று வந்தது, ஜால்ரா வந்தது, ஆர்மோனியம் வந்தது. சரணம் வரும்போதெல்லாம் பெயிண்டர்களும் தச்சர்களும் பிரஷ்ஷையும் உளியையும் பிடித்துக்கொண்டே "சரணமய்யப்பா!" என்று பதில் குரல் கொடுத்தார்கள். இன்னும் திறக்காத விஸ்கிப் பெட்டிகளுக்கு நடுவில் இவர் கண்ணை மூடிக்கொண்டு நின்றார். எவ்வளவு அழகாக இருந்தார் என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

பார் திறப்பதற்கு முந்தின நாள் இருமுடி கட்டி, கூட்டத்தோடு பஸ் ஏறிவிட்டார். என் வயதுப் பெண்கள் மலைக்குப் போகக்கூடாது, நான் பஸ் வரைக்கும் போனேன். எனக்கு நிம்மதிதான். திறப்பு விழா அன்று வேலை செய்த ஆட்களுக்கெல்லாம் முதல் பாட்டிலை முதலாளியே ஊற்றிக் கொடுப்பது அந்தத் தொழிலில் வழக்கம். ஊர் முழுக்கக் குடிக்கிற அந்த நாளில் இவர் மலையில் இருப்பார். அதைவிட எனக்கு என்ன வேண்டும்?

அவர் ஊர் திரும்பி வந்தது ஒரு சனிக்கிழமை விடியற்காலை. வெயிலில் கறுத்து, தாடியோடு, கையில் அரவணைப் பாயசம். நான் காலில் விழுந்து எழுந்தேன். அன்று காலை கோயிலில் மாமியார் கையால் மாலையைக் கழற்றுவதாக ஏற்பாடு. நாத்தனாரும் வந்திருந்தாள். எல்லோரும் கிளம்பி நிற்கும்போது அவர் தரையைப் பார்த்துக்கொண்டே என்னிடம் கேட்டார்.

"ஏம்மா, இன்னும் கொஞ்ச நாள் இருக்கட்டுமா இது? சித்திரை வரைக்கும்? நல்லாத்தான இருக்குது?"

நான் யோசித்துப் பதில் சொன்னேன் என்று யாரும் நினைக்க வேண்டாம். யோசிக்கவே இல்லை. "போதும் சாமி, கழட்டிடுங்க" என்றேன்.

இதுதான் நாத்தனார் காதில் விழுந்தது. இதைத்தான் அவள் இத்தனை வருடமாகச் சுமந்துகொண்டு திரிகிறாள். நான் என்ன கேட்டேன்? கல்யாணமாகி ஐந்தாறு வருடத்தில் முதல்முறையாக என் புருஷன் தெளிந்த கண்ணோடு என் வீட்டில் நடமாடினார். அந்த மனிதர் பக்கத்தில் ஒரு ராத்திரி படுக்க வேண்டும் என்று ஆசைப்பட்டேன். அவர் என்னை அம்மா என்று கூப்பிடாமல் பெண்டாட்டி என்று கூப்பிட வேண்டும் என்று ஆசைப்பட்டேன். அவர் சாயலில் ஒரு பிள்ளை வேண்டும் என்று ஆசைப்பட்டேன். இதைத் தப்பு என்று சொல்கிறவர்கள் சொல்லட்டும். நான் ஒருநாளும் சொல்ல மாட்டேன்.

மாலையைக் கழற்றினார்கள். வீட்டுக்கு வந்து மட்டன் குழம்பு வைத்தேன். மாமியாரும் நாத்தனாரும் சாப்பிட்டுவிட்டுக் கிளம்பினார்கள். கைகழுவி வந்தவர் துண்டைத் தேடிக்கொண்டே, "ஏ, துண்டு எங்கடி வெச்ச?" என்றார். அந்த 'டி'யைக் கேட்டதும் எனக்குக் கண் நிறைந்துவிட்டது. துண்டைக் கொடுக்கும்போது விரல் பட்டது. இரண்டு பேருமே கையை எடுக்கவில்லை.

அப்போது கீழே டெலிபோன் பூத்காரர் குரல் கொடுத்தார். பார் முதலாளி புது வருடத்திலிருந்து போன் மேல் போன் செய்து திட்டிக்கொண்டிருக்கிறாராம், இப்போதும் லைனில் இருக்கிறாராம். இவர் இறங்கிப்போய்ப் பேசிவிட்டு, நெற்றியில் அடித்துக்கொண்டே படி ஏறி வந்தார்.

"ஹால் நடுவுல நின்னா பாஸே இல்லியாம்டி. செவுத்தோரம் வந்தா இருக்குதாம். ஆடுற எடத்துல ஒண்ணுமே இல்லன்னு டிஜே சண்ட போடறானாம்."

சொல்லும்போதே அவருக்குப் புரிந்துவிட்டது, எனக்கும் புரிந்துவிட்டது. ஒரு பெட்டிக்குள் சிவப்பும் கறுப்பும் மாறிப்போயிருக்கிறது, பெட்டியைச் செய்தவன் கைத்தவறு. ஒரு சப் காற்றைத் தள்ளும்போது இன்னொன்று இழுக்கிறது. இரண்டும் சமதூரத்தில் சேருகிற நடு ஹாலில் ஒன்றையொன்று தின்றுவிடுகின்றன. பேட்டரி வைத்துப் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். டிஸ்கோ கேசட் போட்டிருந்தால் அன்றைக்கே தெரிந்திருக்கும். பஜனை கேசட்டில் ஜால்ராவும் ஆர்மோனியமும்தான், அந்த அடிச்சத்தமே கிடையாது. இல்லாத சத்தத்தைக் காணவில்லை என்று யார் சொல்ல முடியும்?

"சாமி பாட்டு போட்டு பார டெஸ்ட் பண்ணவன் நான் ஒருத்தன்தான்டி" என்று சொல்லி விழுந்து விழுந்து சிரித்தார். நானும் சிரித்தேன்.

"நாளைக்குக் காலைல போங்க" என்றேன்.

"இன்னிக்கி சாயந்திரம் யாரோ பெரிய பார்ட்டி புடிச்சிருக்காங்களாம். கூட்டம் இருக்கச் சொல்லவே வந்து காதால கேளுங்கறாரு. ரெண்டு வயர மாத்திப் போடற வேல. போனேன் வந்தேன்னு வந்துருவேன்."

"நானும் வரேன்."

"தொறந்துட்டாங்கடி. இப்ப நீ உள்ள வரக்கூடாது."

"வெளிய நிக்கறேன்" என்றேன். அவருக்குக் காரணம் தெரியும். சட்டையைப் போட்டுக்கொண்டார். பஸ்ஸில் இந்தமுறை என் பக்கத்தில் உட்கார்ந்தார்.

இருட்டத் தொடங்கிய நேரம். நாங்கள் வயர் இழுத்த அந்தக் கட்டடமே அடையாளம் தெரியவில்லை. வண்ண விளக்கு, வாசலில் காவலுக்கு ஒருவர், காரிலிருந்து இறங்குகிற பிள்ளைகள். முதலாளி வாசலுக்கே வந்துவிட்டார். திட்டப்போகிறார் என்று பார்த்தால், இவர் கழுத்தைப் பார்த்து முகம் மலர்ந்துவிட்டது.

"ஓ, மாலை எறக்கிட்டீங்களா? பன்னி, பன்னி, உள்ள வாங்க. மொதல்ல வேலைய முடிங்க, அப்பறம் கவனிச்சுக்கறேன். தெறப்புக்கு நீங்க ஒருத்தர்தான் பாக்கி."

இவர் திரும்பி என்னைப் பார்த்தார். "இங்கயே நில்லு. இதோ வந்துட்டேன்" என்றார். செருப்புக் காலோடு படியேறி உள்ளே போனார்.

எதிர்ச்சாரியில் கடலை வண்டி ஒன்று நின்றிருந்தது. வாசலுக்கு நேர் எதிரே, இரண்டு சப்புக்கும் சரிநடுவில் வருகிற இடம். அங்கே போய் நின்றுகொண்டேன். உள்ளே பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. கதவு திறக்கும்போதெல்லாம் குரலும் கிடாரும் வந்தன, அடிச்சத்தம் மட்டும் இல்லை. நான் காத்துக்கொண்டு நின்றேன். இப்போது ஆம்ப்ளிஃபையரை அணைப்பார் என்று நினைக்கும்போதே பாட்டு நின்றது. இப்போது பெட்டியின் பின்பக்கம் போவார், இப்போது ஸ்க்ரூவைத் தளர்த்துவார், சிவப்பை எடுத்துக் கறுப்பில் வைப்பார், இறுக்குவார். கண்ணால் பார்க்கிற மாதிரி எனக்குத் தெரிந்தது.

பாட்டு திரும்பக் கிளம்பியது. தும்மென்று ஓர் அடி. தரை வழியாக வந்து என் உள்ளங்காலில் ஏறி வயிற்றில் இடித்தது. கடலை வண்டியின் தகரம் அதிர்ந்தது. உள்ளே கூட்டம் ஹோவென்று கத்தியது. நான் என்னை மறந்து, நடுத்தெருவில் நின்றுகொண்டு, "வருது சாமி!" என்று கத்திவிட்டேன். கடலைக்காரர் என்னை ஒரு மாதிரிப் பார்த்தார். எனக்கு வெட்கமாகவும் இருந்தது, பெருமையாகவும் இருந்தது. முந்தானையைச் சரிசெய்துகொண்டு வாசலைப் பார்த்து நின்றேன். பையில் கருவிகளைப் போட்டுக்கொண்டு படியிறங்க எவ்வளவு நேரமாகும்?

அந்தப் பாட்டு முடிந்தது. அடுத்த பாட்டு வந்தது. அதற்கடுத்ததும் வந்தது. கடைசியில் தெருவைக் கடந்து காவலுக்கு நின்றவரிடம் போய்க் கேட்டேன். தமிழ்க்காரர்தான். என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்.

"வேல முடிஞ்சிச்சும்மா. மொதலாளி கூட உக்காந்திருக்காரு. நீங்க வேணா வீட்டுக்குப் போங்களேன்."

உள்ளே போகவா என்று கேட்டேன். லேடீஸ் தனியா விட மாட்டாங்கம்மா என்றார். நான்கு இடத்திலும் எந்த வயர் எந்தச் சுவருக்குள் போகிறது என்று எனக்குத் தெரிந்த கட்டடம் அது. வாசற்படியில் கால் வைக்க முடியவில்லை.

அதற்குப் பிறகு ஏழெட்டு வருடம் இருந்தார். மாலையும் போட்டார், ஒருமுறைகூட மலைவரைக்கும் அது கழுத்தில் நிற்கவில்லை. பிள்ளை இல்லை. கடைசியில் ஈரல் கெட்டுப்போனது. அதெல்லாம் நாத்தனாருக்கும் தெரிந்ததுதான். அவளுக்குத் தெரியாதது அந்த ஒரு சாயங்காலம்தான். நான் திரும்பவும் கடலை வண்டிப் பக்கம் போய் அதே இடத்தில் நின்றேன். அடிச்சத்தம் ஒரு பிசிறு இல்லாமல் சுத்தமாக வந்துகொண்டிருந்தது. சரிசெய்ய உள்ளே ஒன்றுமே பாக்கி இல்லை. அவர் இன்னும் உள்ளேதான் இருந்தார்.